தன் வீட்டுக்கு எதிரே

வேத வாசிப்பு: நெகேமியா 3:28-30, 4:13-18



சென்ற மாதம் நம் சபையின் மூத்த விசுவாசி ஒருவரைக் கர்த்தர் தம்மண்டை அழைத்துக்கொண்டார். சிறுபிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லாரும் அவரை "ஹவில்தார் ஐயா" என்றுதான் கூப்பிட்டோம். "நான் போனப்புறம் என் பேரை எதுலயும் போடாதீங்க பாஸ்டர், கர்த்தர் பேரு போதும்" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் இங்கேயும் பேர் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். அவருடைய மகன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். பட்டாளத்துப் பெட்டி. உள்ளே மூன்று பொருள்கள் இருந்தன. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மெடல். எண்ணெய் தடவி, சாக்கில் சுருட்டி வைத்த உளிகள். பல் உடைந்த ஒரு மரச் சீப்பு.

"இதுல எதை பாஸ்டர் நான் வெச்சுக்கறது? தங்கச்சிக்கு எதைக் குடுக்கறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு முழங்காலில் நின்றபோது கர்த்தர் நெகேமியா புத்தகத்தை என் முன்னே வைத்தார். அந்த மூன்று பொருளும் அங்கே இருந்தன! தயவுசெய்து உங்கள் வேதாகமத்தைத் திறந்து, மேலே கொடுத்திருக்கிற பகுதியை வாசித்துவிட்டுத் தொடருங்கள்.

வாசித்தீர்களா? எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது. கட்ட வந்தவர்களைச் சன்பல்லாத்தும் தொபியாவும் பரியாசம்பண்ணுகிறார்கள்; பிறகு யுத்தம்பண்ணவே வருகிறார்கள். அப்போது அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஒரு கையால் வேலை, மறு கையில் ஆயுதம். அப்படியானால் அவன் கைத்தொழில்காரன், அவனே போர்ச்சேவகன். யாருக்காகப் போராடுகிறான்? 4:14-ல் நெகேமியா வரிசையாகச் சொல்லுகிறான்: சகோதரர், குமாரர், குமாரத்திகள், மனைவிமார், வீடுகள். அப்படியானால் அவன் குடும்பஸ்தன். மூன்று வேலைக்கு மூன்று ஆட்கள் இல்லை, பிரியமானவர்களே. ஒரே மனுஷன்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 3-ம் அதிகாரம் பேர்ப்பட்டியல் மாதிரி இருக்கும். நாம் வேகமாகத் தாண்டிப்போவோம். நானும் பைபிள் காலேஜில் படித்த நாட்களில் அப்படித்தான் தாண்டிப்போனேன். ஆனால் அங்கே தட்டான் இருக்கிறான், தைலக்காரன் இருக்கிறான், தன் குமாரத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டினவன் இருக்கிறான். திரும்பத் திரும்ப வருகிற செய்தி ஒன்று உண்டு. அவனவன் தன் வீட்டுக்கு எதிரே கட்டினான். ஏன்? அந்த இடத்தில் ஓட்டை விட்டால், சத்துரு முதலில் நுழைவது அவன் வீட்டுக்குள்ளேதான்! அப்படிக் கட்டினதினால்தான் 52 நாளில் அலங்கம் முடிந்தது (6:15).

இந்த வெளிச்சத்தில் அந்தப் பெட்டியைப் பார்ப்போம்.

1. மெடல்: வழி திறக்கிறவன்

ஹவில்தார் ஐயா மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1780-ம் ஆண்டு மதராஸில் தொடங்கின படை அது. இன்று பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் அதன் தலைமையிடம். அந்தப் படைவீரனுக்குச் செல்லப் பேர் "தம்பி". தம்பி துப்பாக்கி பிடிப்பான், பாலமும் போடுவான். தச்சு வேலை, கொல்லு வேலை, கொத்து வேலை எல்லாம் அந்தப் படையில் உண்டு. மற்றப் படைகள் முன்னே போவதற்கு வழி திறப்பவன் அவன். நெகேமியாவின் ஆட்களைப்போல ஒரு கையில் வேலை, ஒரு கையில் ஆயுதம்!

1971 டிசம்பர் யுத்தத்தில் மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் நம் டாங்கிகள் கடந்துபோக மதராஸ் சாப்பர்ஸ் கண்ணிவெடிகளுக்குள்ளே வழி திறந்தார்கள். ஐயாவும் அங்கே இருந்தார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அந்த மெடல் அதற்காகக் கிடைத்த பஸ்சிமி ஸ்டார். அவர் அதைக் குத்திக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

கையாலே கண்ணிவெடி தேடுவது எப்படி என்று வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை சொன்னார். தரையில் குப்புறப் படுக்க வேண்டும். கம்பியைச் செங்குத்தாகக் குத்தக்கூடாது. சாய்த்து, மெதுவாக நுழைக்க வேண்டும். ஒரு சாண் தூரம் நகருவதற்கே நேரம் ஆகும். தேடி முடித்த இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். "பின்னாடி வர்றவனுக்கு என்னைத் தெரிய வேணாம் தம்பிங்களா. நாடா தெரிஞ்சா போதும். அதுக்குள்ள நடந்தா அவன் பொழச்சுக்குவான்" என்றார்.

தகப்பன்மாரே, இதைக் கேட்கிறீர்களா? நம் பிள்ளைகள் பின்னாலே வருகிறார்கள். நாம் நாடா கட்டியிருக்கிறோமா? எபிரெயர் 12:13-ஐ எடுத்துப் பாருங்கள். முடமானது பிசகிப்போகாதபடிக்கு நம் கால்களுக்கு வழியைச் செவ்வைப்படுத்தச் சொல்லுகிறது. நம் கால் போகிற வழியில்தான் பின்னாலே வருகிறவன் கால் வைப்பான்.

அந்தக் கூட்டத்தில்தான் அவர் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். கீழொட்டிவாக்கம் கிராமத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன். இவரும் மதராஸ் சாப்பர்ஸ். பெங்களூருவில் பயிற்சி எடுக்கிற ஒவ்வொரு தம்பியும் கேட்கிற பேர் அது என்று ஐயா சொல்லுவார்.

இரண்டாம் உலக யுத்த காலம். இத்தாலி தேசத்தில் கசினோ மலைக்காகப் பயங்கரமான சண்டை நடந்துகொண்டிருந்தது. 1944 பிப்ரவரி 24-ம் தேதி, மிக்னானோ என்கிற ஊர்ப் பக்கம், சுப்பிரமணியன் தம் ஆட்களோடு கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார். முன்னே போன வீரன் கருவியால் தேடிக்கொண்டே போனான். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. அவன் காலை வைத்துவிட்டான். மிதித்த அந்தக் கணமே வெடிக்கிற வகை இல்லை அது. சில விநாடி இடைவெளி உண்டு.

அந்தச் சில விநாடியில் என்னென்ன செய்யலாம்! ஓடலாம். குப்புற விழுந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவர் அதிகாரி, பின்னாலே நின்றிருந்தார். அவரோ முன்னே பாய்ந்து அந்த வெடியின்மேலேயே விழுந்தார். வெடித்ததை முழுவதும் தம் சரீரத்தில் வாங்கிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. அந்த 1944-லேயே அவருக்கு மரணத்துக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் என்கிற மிக உயர்ந்த பதக்கம் அறிவிக்கப்பட்டது.

அவர் நம்முடைய விசுவாசத்தில் இருந்தவர் என்று சொல்லி அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்ள நான் இதை எழுதவில்லை. அவருக்குச் செலுத்த வேண்டிய கனத்தைச் செலுத்துகிறேன். நம் மண்ணில் பிறந்த அந்த மனுஷன் செய்ததை வைத்துக்கொண்டு யோவான் 15:13-ஐயும் ரோமர் 5:7,8-ஐயும் வாசியுங்கள். தோழனுக்காக ஒருவன் உயிர் கொடுத்தாலே உலகம் பதக்கம் கொடுக்கிறது. நாம் தோழராயிருக்கவில்லை, பாவிகளாயும் சத்துருக்களாயும் இருந்தோம். அப்படிப்பட்ட நமக்காக என் இயேசு கல்வாரியில் விழுந்தாரே! நம்மேல் வெடிக்க வேண்டியதை முழுவதும் தம் சரீரத்தில் வாங்கிக்கொண்டாரே! அல்லேலூயா!

ஐயா அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. வாலிபரைப் பார்த்துத் தன் சாட்சியைச் சொன்னார். "எங்க தாத்தா குடிச்சே செத்தாரு. எங்க அப்பாவும் அப்படித்தான். நானும் பட்டாளத்துல பழகிட்டேன். லீவுல வீட்டுக்கு வந்தப்ப என் மூணு வயசுப் பையன் காலி டம்ளரை எடுத்து, என்னை மாதிரியே தலையைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி காமிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. வெடியை மிதிச்ச சத்தம் என் காதுல கேட்டுச்சு. நான் அதும்மேல விழலைன்னா அது என் பையன் மேல விழும்."

அன்றைக்கு விட்டதுதான். முன்னாள் ராணுவத்தினருக்குக் கேன்டீனில் மதுபான ஒதுக்கீடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். "நீ குடிக்காட்டிப் போ, வாங்கி எங்களுக்குக் குடு, இரட்டை விலை தர்றோம்" என்று ஊரில் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் கடைசிவரை ஒரு பாட்டில் வாங்கவில்லை. மூன்று தலைமுறையாக வந்த வெடி அவரோடு நின்றுபோனது. அவர் மகன் குடிப்பதில்லை, பேரனும் குடிப்பதில்லை. அதற்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை. ஆனால் பரலோகத்தில் கணக்கு உண்டு.

2. உளி: மனச்சாட்சியோடு வேலை செய்கிறவன்

பட்டாளத்திலிருந்து வந்தபின் ஐயா மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் சேர்ந்தார். நம் கடற்கரைக்குக் கல் வேலை புதிதில்லை. ஐந்து ரதத்தைப் பாருங்கள். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்த வேலை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலம். மண்ணில் செய்தால் தப்பைத் திருத்தலாம். கருங்கல்லில் ஒரு அடி தப்பாக விழுந்தால் ஒட்டவைக்க முடியாது. 1957-ல் அரசாங்கம் சிற்பக் கல்லூரியே அங்கே தொடங்கியது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஐயாவிடம் கல்லைப்பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். கல்லை வாங்கும்முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மணி மாதிரி கணீரென்று கேட்டால் எடுப்பார். சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே எங்கேயோ வெடிப்பு இருக்கிறது. வெளியே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் வேண்டாம் என்று விடுவார். உளி கருங்கல்லில் சீக்கிரம் மழுங்கிவிடும். திரும்பத் திரும்ப உலையில் வைத்துக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்க்க வேண்டும். பதம் கூடினால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். "ஒவ்வொரு நாளும் நெருப்புக்குப் போகாத உளி வேலைக்கு ஆகாது பாஸ்டர்" என்பார். ஜெபிக்காமல் பிரசங்கபீடத்துக்கு வந்த நாட்களில் எனக்கு அந்த வார்த்தை உறைத்திருக்கிறது.

பிரியமானவர்களே, யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில் ஒரு பெரிய இரகசியம் இருக்கிறது. ஒருவனைப் பேர் சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் முதன்முதலாகச் சொன்னது யாரை? தீர்க்கதரிசியை அல்ல, ஆசாரியனை அல்ல. பெசலெயேலை! பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்கிற கைத்தொழில்காரனை! நாம் ஆவியின் அபிஷேகத்தைப் பிரசங்கிக்கிறவர்கள். அன்னியபாஷைக்கும் தீர்க்கதரிசனத்துக்கும் மட்டும் அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். உன் தையல் மெஷினுக்கும் அபிஷேகம் வேண்டும். உன் ஆட்டோவுக்கும், கணக்குப் புத்தகத்துக்கும் வேண்டும். நம் ஆண்டவரையே ஊரார் தச்சன் என்றுதானே அழைத்தார்கள் (மாற்கு 6:3)!

1994-ல் ஐயா கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் நின்றார். "ஐயா, இனிமே நான் சாமி சிலை செதுக்க முடியாது. என் மனச்சாட்சி இடம் குடுக்கலை. வேற எந்த வேலை குடுத்தாலும் செய்யறேன். முடியாதுன்னா, பாக்கி இருக்கிற வேலைக்கு ஆள் பாத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். கவனியுங்கள். அவர் அங்கே நின்று யாரையும் பழிக்கவில்லை, யார் கையிலிருந்தும் எதையும் தட்டிவிடவில்லை. தன் கையை மட்டும் நிறுத்திக்கொண்டார். அந்த முதலாளி நம் மார்க்கத்தார் அல்ல. ஆனாலும் பன்னிரண்டு நாள் கூட வேலை செய்து, வாங்கின அட்வான்சுக்குக் கணக்கு முடித்து, ஆளும் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்த மனுஷனை அவர் மறக்கவில்லை. அடக்க ஆராதனைக்கு வந்து, கடைசி வரிசையில் நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாரே, அவர்தான்.

வருமானம் பாதியாகிவிட்டது. பென்ஷன் போதவில்லை, மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஐயா சைக்கிளில் உளியையும் சுத்தியலையும் கட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் தொடங்கிச் செங்கல்பட்டு வரைக்கும் தெருத்தெருவாக அம்மி கொத்தப் போனார். மிக்சியும் கிரைண்டரும் வீடுகளுக்குள் வந்துவிட்ட காலம் வேறு. "பட்டாளத்து ஹவில்தார் அம்மி கொத்துறாரு பாரு" என்று சிரித்தவர்கள் உண்டு. அவரோ, "அம்மியைக் கொத்தினா வீட்டுல குழம்பு ருசியா இருக்கும், வேறென்ன வேணும்" என்று போய்விடுவார். பிறகு ஆட்டுக்கல், தூண், யானை, கல்வெட்டு என்று வேலைகள் வந்தன. நம் ஆலயத்து அஸ்திபாரக் கல் அவர் வெட்டியது. அதில் அவர் பேர் எங்கேயும் இல்லை.

3. சீப்பு: தன் காவலை விட்டு நகராதவன்

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான காரியம். ஆனாலும் எழுதாவிட்டால் இந்தச் செய்தி பொய்யாகிவிடும்.

2012-ல் ஐயாவின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. 2016-ல் நம் சபையில் கிராம ஊழியத்தைப் பெரிதாகத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம், சனிக்கிழமை கடலோரக் கிராமங்களில் கைப்பிரதி ஊழியம், மற்ற நாட்களில் வீட்டுக் கூட்டங்கள். ஐயாவைத் தலைமை எடுக்கச் சொன்னேன். "இப்ப முடியாதுங்க பாஸ்டர். எனக்கு டூட்டி வீட்டுல" என்றார். இரண்டாம் முறை கேட்டேன். அதே பதில்.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிறு 2 தீமோத்தேயு 2:4-ஐ எடுத்தேன். நல்ல போர்ச்சேவகன் பிழைப்புக்கடுத்தவைகளில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று பிரசங்கித்தேன். பேர் சொல்லவில்லை. ஆனால் "பட்டாளத்தில் இருந்தவர்களுக்கே இது புரியவில்லை" என்று சொன்னேன். சபையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வந்து, கை கொடுத்து, "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்யாணப் பத்திரிகை ஒன்று கொடுப்பதற்காக முன்னறிவிப்பில்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அந்த அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, பின்னாலே உட்கார்ந்து, அந்த மரச் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கருங்கல்லை உடைத்த கை! விரலெல்லாம் காய்த்துப்போன கை! அந்தக் கையால் ஒரு சிக்கைப் பிடித்து, வலிக்காமல், ஒவ்வொரு முடியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா இடது கையால் அவர் முழங்காலைத் தட்டினார்கள். பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அப்புறம்தான் நான் நிற்பதைப் பார்த்தார்.

"நாலு வருஷமா நீங்களே பாக்கறீங்களாய்யா?" என்று கேட்டேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி துவைப்பது எல்லாம் அவர்தான். "என் பொஞ்சாதி பாஸ்டர்! பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தேன். அவ தனியா ரெண்டு பிள்ளைங்களை வளத்து, எங்க அம்மாவையும் பாத்துக்கிட்டா. அது அவ டூட்டி. இது என் டூட்டி" என்றார்.

என் பிரசங்கத்துக்காக மன்னிப்பு கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "வசனம் சரிதாங்க பாஸ்டர். சேவகனைச் சேர்த்துக்கொண்டவர் எந்த போஸ்ட்ல நிறுத்தினாரோ, அங்கதான் அவன் நிக்கணும். பக்கத்து போஸ்ட்ல சத்தம் கேக்குதுன்னு சென்ட்ரி தன் இடத்தை விட்டு ஓடினா, அவனுக்கு மெடல் குடுக்க மாட்டாங்க. கோர்ட் மார்ஷல்தான்."

அதற்காக அவர் மற்றவர்களைக் கைவிட்டவர் அல்ல. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்கே இருந்த மூத்தவர்கள் சொல்லுவார்கள். தண்ணீர் வந்தபோது முதலில் தன் வீட்டாரை மேட்டுக்கு ஏற்றினார். ஏற்றிவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு கடலோரத்துக்குப் போனவர் இருட்டினபின்தான் திரும்பினார். தன் வீட்டுக்கு எதிரே கட்டினவனுக்குத்தான் அடுத்தவன் மதிலையும் கட்டப் பெலன் இருக்கும்.

இவ்வளவு பார்த்தும் நான் திருந்தினேனா? இல்லை. என் நாட்குறிப்பு அப்படியே ஓடியது. ஒரு மாதம் கழித்து, ஜெப விண்ணப்பப் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து வாசித்து, சபையாக ஜெபித்துக்கொண்டிருந்தோம். ஒரு சீட்டில் பென்சிலால், பிள்ளைக் கையெழுத்தில் இருந்தது: "எங்க அப்பா ஒரு நாளாவது ராத்திரி எங்களோட சாப்பிடணும்." பேர் இல்லை.

எனக்கு ஆவியில் வைராக்கியம் வந்துவிட்டது. "கர்த்தாவே, இந்தத் தகப்பனைக் கட்டிவைத்திருக்கிற குடிவெறியின் ஆவியைக் கடிந்துகொள்ளும்! இவனை வீட்டுக்குத் திருப்பும்!" என்று சத்தமிட்டு ஜெபித்தேன். சபை முழுவதும் ஆமென் என்றது. ஜெபித்துக்கொண்டே சீட்டை மறுபடி பார்த்தேன். "ழி", "ழு" எல்லாவற்றுக்கும் வால் நீட்டமாகப் போடுகிற பழக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கையில் உண்டு. இந்தச் சீட்டிலும் அதே நீட்டம் இருந்தது. அது என் மகளின் கையெழுத்து.

ஜெபம் என் வாயிலேயே நின்றுவிட்டது. நான் குடிக்கிறவன் அல்ல. ஊழியம் செய்கிறவன். ஆனால் என் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் தட்டு மூடியே இருக்கிறது என்பதுதான். ஊரெல்லாம் அலங்கம் கட்டினேன். என் வீட்டுக்கு எதிரே ஓட்டை விட்டிருந்தேன். 1 தீமோத்தேயு 3:4,5-ஐ எத்தனை முறை மற்றவர்களுக்குப் போதித்திருக்கிறேன்!

அந்த வாரத்திலிருந்து திங்கள், வியாழன் இரவுகளில் நான் வெளியே கூட்டம் எடுப்பதில்லை. சிலர் குறை சொன்னார்கள். சில வீட்டுக் கூட்டங்களை மற்றச் சகோதரர்களிடம் ஒப்படைத்தேன். முதல் திங்கட்கிழமை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவ்வளவு பழக்கமில்லாமல் போயிருந்தது!

ஐயா அந்த அம்மாவை 2021-ல் கர்த்தரண்டை அனுப்பிவைக்கும்வரை ஒன்பது வருஷம் பார்த்தார். அடக்கம் முடிந்த மறு வாரமே என்னிடம் வந்து சல்யூட் அடித்தார். "பழைய டூட்டி முடிஞ்சுது பாஸ்டர். இப்ப எந்த போஸ்ட்?" என்றார். எழுபது வயதில், அதற்குப்பின் அவர் எத்தனை வீடுகளில் ஜெபித்தார், எத்தனை நோயாளிகளைக் கவனித்தார் என்று உங்களுக்கே தெரியும்.

தேவபிள்ளையே, உனக்கு ஒரு வார்த்தை

அப்போஸ்தலர் 10-ம் அதிகாரத்தில் கொர்நேலியு ஒரு பட்டாளத்து அதிகாரி. ஆனால் வேதம் அவனுடைய யுத்தங்களைச் சொல்லவில்லை. தன் வீட்டார் அனைவரோடும் தேவனுக்குப் பயந்தவன் என்று சொல்லுகிறது. தேவதூதன் அவனை எங்கே ஆள் அனுப்பச் சொன்னான்? கடலோரத்தில் இருந்த ஒரு கைத்தொழில்காரனுடைய வீட்டுக்கு, தோல் பதனிடுகிற சீமோன் வீட்டுக்கு! அங்கேயிருந்து பேதுரு வந்தபோது கொர்நேலியு தனியே நிற்கவில்லை. உறவின்முறையாரையும் சிநேகிதரையும் கூட்டிவைத்துக் காத்திருந்தான். அந்த வீட்டில்தான் பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். பெரிய மைதானத்தில் அல்ல, ஒரு வீட்டில்! நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். எழுப்புதல் வந்தால் இறங்குவதற்கு உன் வீடு ஆயத்தமா?

தகப்பனே, உன் வீட்டில் தலைமுறையாக வருகிற வெடி எது? குடியா? மனைவியைக் கைநீட்டுகிற பழக்கமா? கடனா? வாயில் வருகிற கெட்ட வார்த்தையா? கிறிஸ்து அதன் சாபத்தைச் சுமந்து தீர்த்துவிட்டார். அவர் பெலத்தினால், "இது என்னோடு நிற்கட்டும்" என்று நீ சொல். வாலிபத் தம்பி, உன் முன்னே நடந்த தகப்பன் நாடா கட்டிவைத்திருந்தால் அதைத் தாண்டாதே. கட்டாமல் போயிருந்தால் நீ கட்டத் தொடங்கு. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு, ஆராதனைக்குக் கூட வர முடியாமல் வீட்டில் அழுகிற சகோதரியே, நீ ஊழியத்தை விட்டவள் அல்ல. உன் போஸ்டில் நிற்கிறாய். கர்த்தர் பார்க்கிறார்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் நின்று, வீட்டைப் பார்த்து, ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஜெபியுங்கள். பிறகு உள்ளே போய் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப்பின் பத்து நிமிஷம் குடும்ப ஜெபம். அவ்வளவுதான். அலங்கம் அங்கே தொடங்கட்டும்.

ஐயாவின் மகனுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் அவரைப் பார்த்து, "மூணையும் பிரிக்காதீங்க தம்பி. ஒரே பெட்டியில இருக்கட்டும். உங்க அப்பா ஒரே ஆள்" என்றேன். அண்ணனும் தங்கையும் பேசி, பெட்டியை அப்படியே பூட்டி, மறுபடி அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, எங்களுக்காகத் தம்மையே கொடுத்த உம்முடைய குமாரனுக்காக உம்மைத் துதிக்கிறோம். உம்முடைய தாசனை எங்களுக்குச் சாட்சியாகக் காண்பித்ததற்காக ஸ்தோத்திரம். எங்கள் வீட்டுக்கு எதிரே நாங்கள் விட்ட ஓட்டைகளை மன்னியும். எங்கள் கையின் வேலையை உம்முடைய ஆவியினால் நிரப்பும். நீர் நிறுத்தின இடத்தில், நீர் வருமளவும், எங்களை நிற்கப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே. ஆமென். மாரநாதா!